விலை குறைந்த மைப்பேனாக்களில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: ஏட்டுக்காரன்

அனைவருக்கும் வணக்கம். கலைக் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். பாடக்குறிப்பு, விடைத்தாள்களில் எழுதும் திருத்தங்கள், இரவில் எழுதும் நாட்குறிப்பு என்று எனக்குக் கையெழுத்து வேலை அதிகம். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதியே கட்டைவிரலின் அடியில் வலி நிலைத்துவிட்டதால், நண்பர் ஒருவரின் யோசனைப்படி, எங்கள் ஊர்ப் புத்தகக் கடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தொங்கவிட்டிருந்த மைப்பேனா ஒன்றை வாங்கினேன். நூறு ரூபாய்கூட ஆகவில்லை. வலி நன்றாகவே குறைந்திருக்கிறது.

எனக்குப் புரியாதது வேறொன்று. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பேனாக்களைச் சேர்ப்பவர்கள் இக்குழுவில் பலர் இருக்கிறீர்கள். ஆனால் அன்றாடம் எதில் எழுதுகிறீர்கள் என்ற பேச்சு வந்தால், ஹீரோ, கேம்லின், ஜின்ஹாவ், பிளாட்டினம் பிரெப்பி என்று எங்கும் கிடைக்கிற மலிவான பெயர்களே வருகின்றன. இது பள்ளிக்கால நினைவின் மயக்கந்தானா, அல்லது எழுதும் தரத்திலேயே இதற்கு நியாயம் இருக்கிறதா? விலை கூடிய பேனாவுக்கு மாறினால் எழுத்தில் என்ன வேறுபாட்டை எதிர்பார்க்கலாம்? பேனாவைச் சட்டைப்பையின் அணிகலனாக அல்லாமல் உழைக்கும் கருவியாகப் பார்ப்பவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

பதில் 1: நிப்புமுனை

நினைவின் மயக்கம் ஓரளவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கான விடையை நிப்பிலிருந்து தொடங்குவதே சரி.

மைப்பேனா எழுதுவதற்குத் தேவையானவை மிகச் சிலவே: நடுவில் பிளந்த ஒரு நிப், அதற்கு அடியில் நுண்ணிய வாய்க்கால் வெட்டப்பட்ட ஃபீட் என்னும் கருப்புத் துண்டு, மை தங்குவதற்கு ஓர் அறை. மை இறங்க இறங்க அதே அளவு காற்று அறைக்குள் ஏற வேண்டும். இல்லாவிட்டால் எழுத்து நின்றுபோகும், அளவுக்கு மீறி ஏறினால் தாளில் மை கொட்டும். லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் 1884-இல் காப்புரிமை பெற்ற பேனாவின் சிறப்பே இந்த மை, காற்றுப் பரிமாற்றத்தை ஒழுங்குபடுத்திய ஃபீடுதான். பள்ளி இயற்பியலில் நுண்புழை ஏற்றம் என்று படித்தோமே, அதே விசை மையைத் தாளுக்கு இழுத்து வருகிறது. நிப் தாளைத் தொட்டால் போதும். பால்பாயிண்டில் அப்படி இல்லை. அங்கே பிசுபிசுப்பான மையை ஒரு சிறு குண்டு உருண்டு எடுத்துவர வேண்டியிருப்பதால், அதை உருட்டும் அழுத்தத்தை உங்கள் விரல்கள் கொடுக்கின்றன. உங்கள் வலி குறைந்ததற்குக் காரணம் இதுதான். இந்த இயற்பியலுக்குப் பேனாவின் விலை தெரியாது.

ஒரு காலத்தில் விலைக்கும் எழுத்துக்கும் நேரான தொடர்பு இருந்தது. மாசிக்காய்ச் சாற்றையும் இரும்பு உப்பையும் சேர்த்துத் தயாரித்த அந்நாளைய மை அமிலத்தன்மை உடையது. சாதாரண எஃகை அரித்துவிடும். ஆகவே நீடித்து உழைக்கும் நிப் வேண்டுமென்றால் தங்கத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. துருப்பிடிக்காத எஃகும், அரிக்காத சாய மைகளும் பரவலாக வந்த பிறகு அந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது. மேலும் தாளின் மேல் உண்மையில் ஓடுவது தங்கமும் அல்ல, எஃகும் அல்ல. ரூதினியம், ஆஸ்மியம், டங்ஸ்டன் முதலிய கடினமான உலோகங்களின் கலவையாலான ஒரு நுண்ணிய உருண்டையை நிப்பின் நுனியில் பற்றவைத்திருப்பார்கள், அதுதான் ஓடுகிறது. எழுத்து வழுக்கிக்கொண்டு போவதும் கீறுவதும் அந்த உருண்டையை எப்படித் தேய்த்து மெருகேற்றினார்கள் என்பதைப் பொறுத்தது. மிக மலிவான சில பேனாக்களில் உருண்டையே இராது. நிப்பின் தகட்டையே நுனியில் மடித்து விட்டிருப்பார்கள். அவை விரைவில் தேயும் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

நிறுவனங்களே இதை மறைமுகமாக ஒப்புக்கொள்கின்றன. பிளாட்டினம் நிறுவனத்தின் பிரெப்பி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உடல் கொண்டது. அதன் பிளெசிர் அலுமினிய உடல் கொண்டது, விலையும் கூடியது. இரண்டிலும் நிப்பும் ஃபீடும் ஒன்றுதான், கழற்றி மாற்றிக்கொள்ளலாம். பைலட் தன் காகுனோவின் நிப்பையே உலோக உடல் கொண்ட மெட்ரோபாலிட்டனிலும் பொருத்துகிறது. லாமியின் சஃபாரியில் உள்ள எஃகு நிப்பேதான் ஸ்டூடியோவிலும் வருகிறது. ஆக, குறிப்பிட்ட ஓர் எல்லையைத் தாண்டியதும் நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் உடலுக்கும், எடைக்கும், மெருகுக்கும், பெயருக்கும் போகிறது. தங்க நிப்பில் ஒரு மெல்லிய நெகிழ்வு உண்டு, அதை விரும்புகிறவர்கள் உண்டு, நானும் விரும்புகிறவன்தான். ஆனால் விடைத்தாள் திருத்துவதற்கு அது வேண்டியதில்லை.

சிறிய செய்தி ஒன்று. விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர் என்றால் இன்று எல்லோரும் காராசேவைத்தான் நினைப்பார்கள். அவ்வூர் பேனா நிப்புக்கும் பெயர்போனதாக இருந்தது. தகட்டை வெட்டி, வளைத்து, பிளவு போட்டு, முனை தேய்த்துச் சிறு பட்டறைகளில் செய்த நிப்புகள் அங்கிருந்து வெளியூர்களுக்குப் போயின. பால்பாயிண்ட் பரவியபோது அத்தொழில் நலிந்துவிட்டது. மலிவான நிப் என்பது நம் ஊர்க் கைகள் நன்றாக அறிந்திருந்த பொருள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பதில் 2: பேரேடு

மேலே சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. நிப் ஒன்றுதான் என்றாலும், ஒரே பெயரில் வரும் இரண்டு மலிவுப் பேனாக்கள் ஒரே மாதிரி எழுதுவதில்லை. பெருந்தொகையாகச் செய்யும்போது ஒவ்வொரு நிப்பையும் எழுதிப் பார்த்து அனுப்ப முடியாது. விலை கூடிய பேனாவில் நாம் வாங்குவது பெரும்பாலும் அந்தச் சோதனையைத்தான். முந்தைய பதிலில் அது விடுபட்டுவிட்டது.

தாளையும் யாரும் குறிப்பிடவில்லை. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண நோட்டுகளின் தாள் மெலிந்தது. அதில் அகலமான நிப்பால் எழுதினால் எழுத்தின் ஓரங்களில் வேர் விட்டதுபோல் மை பரவும், பின்பக்கம் பயன்படாமல் போகும். விடைத்தாளும் இதே இனந்தான். இந்தத் தொல்லைக்கும் தீர்வு மலிவுப் பேனாக்களிலேயே கிடைக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்: சீன, ஜப்பானிய எழுத்துகளில் சிறு இடத்துக்குள் பல கோடுகளை அடக்க வேண்டியிருப்பதால், அந்நாட்டுப் பேனாக்களின் மெல்லிய நிப், ஐரோப்பியப் பேனாக்களின் மெல்லிய நிப்பைவிட இன்னும் நுண்ணியது. மை குறைவாக இறங்குவதால் மட்டமான தாளும் தாங்கும். ஷாங்காயில் தயாராகும் ஹீரோ 616-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1941-இல் வந்த பார்க்கர் 51-இன் சாயலில் அமைந்த அதில், நிப்பின் நுனி மட்டுமே வெளியே தெரியும். மீதி உறைக்குள் மறைந்திருப்பதால், மின்விசிறிக் காற்றில் இரண்டு நிமிடம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் நுனி காய்ந்துவிடாது. நம் தட்பவெப்பத்துக்கு அது பொருத்தமான அமைப்பு. ஆனால் ஹீரோ பெயரில் போலிகள் மிகுதி. வாங்கும்போது எழுதிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

எங்கும் கிடைக்கும் என்று நீங்கள் எழுதியிருப்பதும் பாதிதான் உண்மை. பள்ளிப் பேனாக்கள் ஊர்க் கடையில் கிடைக்கும். பிரெப்பி, காகுனோ போன்றவற்றுக்கு இணையக் கடையையோ பெருநகரத்தையோதான் நம்ப வேண்டும், அங்கே எழுதிப் பார்க்க வழியில்லை. சென்னைக்கு வருகிறவர்கள் பாரிமுனையில் உள்ள ஜெம் அண்ட் கம்பெனி போன்ற பழைய பேனாக் கடைக்குப் போய், நிப்பைத் தாளில் ஓட்டிப் பார்த்து, தேவையானால் அங்கேயே சரிசெய்யச் சொல்லி வாங்குவதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

கடைசியாக, நகல் தாள் வைத்து எழுதும் ரசீதுக்கும், வழவழப்பான படிவத்துக்கும் மைப்பேனா உதவாது. என் மேசையில் பால்பாயிண்ட் இன்னும் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

பதில் 3: கோடுபோட்ட நோட்டு

ஐயா, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நிப்பையும் தாளையும் பற்றி முந்தைய இருவரும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். மலிவான நல்ல பேனாக்கள் யாருக்காகச் செய்யப்பட்டவை என்பதை மட்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன்.

ஜெர்மனியின் பெலிகன் நிறுவனம் 1960-இல் பெலிகானோவைக் கொண்டுவந்தது பள்ளிப் பிள்ளைகளுக்காக. லாமி சஃபாரி 1980-இல் வந்தபோது அதன் இலக்கு பத்து முதல் பதினைந்து வயது வரையிலான மாணவர்கள். விரல்கள் தாமாகவே சரியான இடத்தில் படியும்படி பிடியில் இரண்டு பக்கமும் சரிவாகச் செதுக்கி, சட்டைப்பையில் மட்டுமல்லாமல் கால்சட்டைத் துணியிலும் மாட்டும் அளவுக்குப் பெரிய கம்பிக் கொக்கி வைத்தார்கள். பைலட்டின் காகுனோ 2013-இல் வந்தது. எழுதப் பழகும் குழந்தை நிப்பின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று தடுமாறக்கூடாது என்பதற்காக, நிப்பிலேயே சிரிக்கும் முகம் ஒன்றைப் பொறித்திருக்கிறார்கள். முகம் உங்களைப் பார்த்தால் பிடித்திருப்பது சரி. கீழே போடும், மூடியைக் கடிக்கும், அழுத்தி எழுதும் ஒரு பிள்ளையின் கையில் நிலைத்து நிற்க வேண்டிய பொருளுக்குச் செலுத்தப்படும் கவனம், கையெழுத்திடுவதற்கு மட்டும் வெளியே வரும் பேனாவுக்குத் தேவைப்படுவதில்லை. நீங்கள் நாள் முழுவதும் எழுதுகிறீர்கள். ஆகவே பேனாவைப் பொறுத்தவரை நீங்கள் மாணவர் இனம். மாணவப் பேனா உங்களுக்கு ஒத்துப்போனதில் வியப்பில்லை.

இரண்டாவது, அச்சம். விலை கூடிய பேனாவை வகுப்பில் யாராவது இரவல் கேட்டால் நாம் தயங்குவோம், மேசையில் வைத்துவிட்டு எழுந்து போகமாட்டோம், கீழே விழுந்தால் மனம் பதறும். மலிவுப் பேனாவில் இந்தத் தயக்கமெல்லாம் இல்லாததால் அது கையிலேயே இருக்கிறது. கையில் இருப்பதால் நிப்பில் மை ஓடிக்கொண்டே இருக்கிறது. மை ஓடும் பேனா அடைத்துக்கொள்வதில்லை. பெட்டியில் பூட்டிவைத்த பேனாதான் முதலில் கெடும். பணக்காரச் சேகரிப்பாளர்களும் அன்றாடத்துக்கு மலிவானதை எடுப்பதற்கு இது முக்கியமான காரணம் என்று எண்ணுகிறேன்.

அதைவிட எனக்குப் பிடித்தது, இவற்றைப் பிரித்துப் பார்க்கும் உரிமை. நிப்பையும் ஃபீடையும் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் வரிகளைத் தேய்த்துவிட்டு மீண்டும் பொருத்துவதற்கு எந்தக் கடையையும் தேட வேண்டாம். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக் நெளிந்துவிடும். நிப் கீறினால் முதலில் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பிளவின் இரண்டு பக்கங்களும் ஒரே உயரத்தில் இல்லாமலிருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும், தாழ்ந்திருக்கும் பக்கத்தை நகத்தால் மெல்ல உயர்த்தினால் சரியாகிவிடும். இதை ஒரு தங்க நிப்பில் செய்து பழக யாருக்குத் துணிவு வரும்? நூறு ரூபாய் நிப்பில் கற்றுக்கொண்ட கைதான் பிறகு எந்த நிப்பையும் தொடும்.

மை நிரப்பும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பள்ளிப் பேனாக்களில் பலவற்றில் உடலே மை அறை. பில்லரால் சொட்டுச் சொட்டாக ஊற்றி மரையைத் திருகி மூடுவோம். உள்ளே தனி மைக்குழலோ மை உறிஞ்சும் பம்போ இல்லாததால் மை நிறையக் கொள்ளும். ஆனால் மை பாதிக்குக் கீழே இறங்கியதும் உள்ளே காற்று மிகுந்து, அது கையின் சூட்டில் விரிந்து, மையை வெளியே தள்ளும். விடைத்தாளில் திடீரென்று ஒரு பெரிய சொட்டு விழுவது இதனால்தான். அறை காலியாகும்வரை காத்திராமல் பாதியிலேயே நிரப்பிவிடுங்கள். மரையில் சிறிது சிலிகான் கிரீஸ் தடவினால் கழுத்துப்பகுதியில் கசிவதும் நின்றுவிடும்.

ஏட்டுக்காரன்

மூவருக்கும் நன்றி. அம்மா சொன்ன காற்றுக் கணக்கைப் படித்த பிறகுதான் சென்ற வாரம் ஒரு மாணவரின் விடைத்தாளில் விழுந்த நீலப் பொட்டின் காரணம் விளங்கியது. விலை கூடிய பேனா வாங்கும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறேன். இன்னும் ஓர் ஐயம் உள்ளது. நாட்குறிப்பு பல ஆண்டுகள் நிலைக்க வேண்டும்; கடையில் கிடைக்கும் ராயல் புளூ மையோ ஈர விரல் பட்டாலே கலைகிறது. தண்ணீர் பட்டாலும் அழியாத மையை இந்த மலிவுப் பேனாவில் ஊற்றலாமா?

பதில் 4: நிப்புமுனை

தாராளமாக ஊற்றலாம். அத்தகைய மைகளுக்கு மலிவுப் பேனாவே ஏற்ற இடம் என்றுகூடச் சொல்வேன்.

ராயல் புளூ போன்றவை நீரில் கரையும் சாய மைகள்; பள்ளிச் சீருடையில் பட்டாலும் துவைத்தால் போகட்டும் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்டவை. அழியாத எழுத்துக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நான் முதலில் குறிப்பிட்ட மாசிக்காய் இரும்பு மை. பெலிகன் 4001 வரிசையின் புளூ பிளாக் இன்றும் அவ்வகைதான். எழுதும்போது நீலமாக இருந்து, காற்றுப் பட்டதும் கருத்துத் தாளின் இழையோடு பிணைந்துவிடும். பழைய காலத்து மையைப் போல் கடுமையானது அல்ல, இருந்தாலும் மாதத்துக்கு ஒருமுறை பேனாவைக் கழுவுவது நல்லது. மற்றொன்று, கரித்துகளை மிக நுண்ணியதாக அரைத்துச் செய்த நிறமி மை. பிளாட்டினத்தின் கார்பன் பிளாக் அதற்கு எடுத்துக்காட்டு. நீரும் வெளிச்சமும் அதை அசைக்க முடியாது. ஆனால் பேனாவுக்குள் காய்ந்துவிட்டால் நீரில் ஊறவைத்தும் எளிதில் கரையாது, ஃபீட் நிரந்தரமாக அடைபடலாம். இங்கேதான் பிரெப்பி கைகொடுக்கிறது: அதன் மூடிக்குள் சுருள்வில்லால் அழுத்தப்படும் இன்னொரு சிறு மூடி நிப்பை இறுக்கமாக மூடிக்கொள்வதால், எழுதாமல் வைத்திருந்தாலும் மை நெடுநாள் காய்வதில்லை, நிறுவனம் ஓராண்டு என்று கணக்குச் சொல்கிறது. அப்படியும் அடைத்துக்கொண்டால் போவது சில நூறு ரூபாய்.

ஓவியக் கடைகளில் குப்பியில் விற்கும் இந்தியன் இங்க் மட்டும் வேண்டாம். அதில் அரக்கு கலந்திருக்கும். தொட்டெழுதும் நிப்புக்கு உரியது, மைப்பேனாவை ஒரே வாரத்தில் கொன்றுவிடும். இரண்டு வகை மைகளை ஒரே பேனாவில் கழுவாமல் மாற்றி ஊற்றவும் வேண்டாம். சில சேர்க்கைகள் உள்ளேயே திரிந்து சகதியாகும். திருத்தத்துக்குச் சிவப்பு, நாட்குறிப்புக்குக் கருப்பு, பாடக்குறிப்புக்கு நீலம் என்று மூன்று தனித்தனிப் பேனாக்கள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் சேர்ந்தும் ஒரு சஃபாரியின் விலையைத் தொடாது.